இந்த வீடு எந்த ஊரில் இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

கலிஃபோர்னியாவில் மலிபு பெருமாள் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். அந்தக் கோயிலின் தபால் முகவரியைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் ஊர் பெயர் மலிபு இல்லை, கலபாசஸ். கோயில் எழுந்தது 1980-களில். மலிபு தனி நகராட்சி ஆனது 1991-இல். கலபாசஸும் அதே வருஷம்தான். பெருமாள் வந்து குடியேறியபோது இரண்டு நகராட்சிகளுமே பிறக்கவில்லை! அந்த மலைக்கும் கடற்கரைக்கும் சனங்கள் பொதுவாகச் சொன்ன பெயர் மலிபு. கோயில் அதை எடுத்துக்கொண்டது.

வரைபடம் வரைவது என் பிழைப்பு. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டியில் எந்த ஊர் எங்கே முடிகிறது என்று கோடு போடுவது அதில் ஒரு பகுதி. கேட்பதற்குச் சுலபமான வேலையாகத்தான் இருக்கும்.

நம் ஊர் மாவட்டம் மாதிரி என்று கவுன்ட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கவுன்ட்டியில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். உள்ளே 88 நகராட்சிகள். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் அந்த 88-இல் ஒன்று, அவ்வளவுதான். பரப்பளவில் பாதிக்கும் மேலான இடம் எந்த நகராட்சியிலும் சேராதது. அங்கே மட்டும் சுமார் 10 லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேயர் கிடையாது. போலீசுக்குப் பதில் கவுன்ட்டியின் ஷெரிஃப். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் அப்படிப்பட்ட இடம். பெயரிலேயே லாஸ் ஏஞ்சலஸ் இருக்கிறது, ஆனால் அங்கே குடியிருப்பவர் லாஸ் ஏஞ்சலஸ் மேயர் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது.

நகராட்சி எல்லைக்காவது சட்டத்தில் எழுத்து இருக்கிறது. அந்தக் கோட்டைப் படத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஒரு பெரிய அகப்பை மாதிரி இருக்கும். தெற்கே ஒல்லியாக ஒரு காம்பு நீண்டு கடலைத் தொடுகிறது. துறைமுகம் வேண்டும் என்று நகரத்துக்கு ஆசை. துறைமுகமோ 20 மைல் தள்ளி சான் பெட்ரோவில். ஒட்டியிருக்கும் நிலத்தைத்தான் சேர்த்துக்கொள்ளலாம் என்பது விதி. சரி, ஒட்டவைத்துவிடலாம் என்று 1906-இல் நடுவே ஒரு நாடா போன்ற நிலத்தைச் சேர்த்தார்கள். 1909-இல் சான் பெட்ரோவும் வில்மிங்டனும் உள்ளே வந்தன.

மற்ற இடங்கள் தண்ணீருக்காக வந்தன. 1913-இல் ஓவன்ஸ் ஆற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக நகரத்துக்கு வந்தது. 1915-இல் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் பெரும்பகுதி நகரத்தோடு சேர்ந்தது. பள்ளத்தாக்குக்குப் பெயர் தந்த சான் ஃபெர்னாண்டோ ஊர் மட்டும் சேரவில்லை. அதற்குச் சொந்தக் கிணறுகள் இருந்தன. இன்றைக்கும் நான்கு பக்கமும் லாஸ் ஏஞ்சலஸ் சூழ்ந்திருக்க நடுவில் தனித்தீவாக நிற்கிறது. பெவர்லி ஹில்ஸில் இதே கேள்வி 1923-இல் வந்தபோது மேரி பிக்ஃபோர்ட், டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் போன்ற சினிமா நட்சத்திரங்களே களத்தில் இறங்கிச் சேராமல் தடுத்தார்கள். ஆர்ட்டீசியாவின் லிட்டில் இந்தியாவில் மளிகை வாங்குபவர்களுக்குப் பக்கத்து ஊர் செரிட்டோஸைத் தெரிந்திருக்கும். 1956-இல் அது நகராட்சி ஆனபோது பெயர் டெய்ரி வேலி. வீடு கட்டுபவர்கள் மேய்ச்சல் நிலத்தைத் தின்றுவிடுவார்கள் என்று பால்பண்ணைக்காரர்கள் போட்ட வேலி அது. அப்போது அங்கே ஆட்களைவிடப் பசுக்கள் அதிகம். நகராட்சி நிலைத்துவிட்டது, பசுக்கள்தான் போய்விட்டன. மேற்கு ஹாலிவுட் 1984-இல் தனி நகராட்சி ஆனதில் வாடகைக்கட்டுப்பாடு போய்விடுமே என்ற வாடகைக்காரர்களின் பயத்துக்குப் பெரிய பங்கு.

ஜிப் கோடு இதோடு ஒத்துப்போகும் என்று நினைத்துவிடாதீர்கள். அது தபால்காரரின் வசதிக்கு. புகழ்பெற்ற 90210-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்குள் இருக்கும் சில மலைச்சரிவு வீடுகளுக்கு பெவர்லி ஹில்ஸ் என்று கடிதம் வரும். ஆனால் அவை இருப்பது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில்.

இதுவரை சொன்னது வேலையின் சுலபமான பாதி. ஒரு நகருக்குள்ளே இருக்கும் பேட்டைகளுக்குக் கோடு போடுவதுதான் வயிற்றைக் கலக்கும். மயிலாப்பூர் எங்கே முடிந்து மந்தைவெளி எங்கே தொடங்குகிறது என்று நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள், புரியும். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகை 2009-இல் துணிந்து இறங்கியது. நகரத்தை 87 பேட்டைகளாகப் பிரித்து வரைவு ஒன்றை வெளியிட்டு, 'தப்பிருந்தால் சொல்லுங்கள்' என்று வாசகரைக் கேட்டது. வாசகர்கள் விடுவார்களா? திருத்தி முடித்தபோது 114 ஆகியிருந்தது. என்னைக் கேட்டால் அந்த வரைபடத்தின் உயிரே இந்த வாய்த்தகராறுதான். அறைக்குள் உட்கார்ந்து வரைந்திருந்தால் 87-இலேயே நின்றிருக்கும்.

பெயர் மாற்றத்தில் பாசமும் உண்டு, காசும் உண்டு. கனோகா பார்க்கின் ஒரு பகுதி 1987-இல் வெஸ்ட் ஹில்ஸ் என்று பிரிந்துபோனது. பெயர் மாறினால் வீட்டு விலையும் ஏறும் என்ற கணக்கு அதில் இல்லை என்று யார் சொல்ல முடியும்? 'சவுத் சென்ட்ரல்' என்றாலே குற்றம், கலவரம் என்று கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டதால் 2003-இல் நகர்மன்றம் அதை 'சவுத் லாஸ் ஏஞ்சலஸ்' ஆக்கியது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

என்னை ரொம்பப் படுத்தியது கொரியாடவுன். அதன் நடுவே, மூன்றாம் தெருவில் வங்கதேசத்தவர்களின் கடைகள் இருக்கும் சில பிளாக்குகளுக்கு 2010-இல் லிட்டில் பங்களாதேஷ் என்று நகரம் பெயர் சூட்டியது. ஒரு இடம் ஒரு பேட்டைக்குத்தான் சொந்தம் என்பது எங்கள் வழக்கமான விதி. அந்தத் தெருவில் காலை முதல் மாலை வரை நின்று பார்த்தேன். ஒரு கடையில் கொரிய எழுத்து, அடுத்ததில் வங்காளம், இரண்டுக்கும் முன்னால் ஸ்பானிஷ் பேசிக்கொண்டு போகிற கூட்டம். திரும்பி வந்து கோட்டை மூன்று விதமாகப் போட்டு மூன்றையும் அழித்தேன். கடைசியில் எல்லை எதுவும் போடாமல் தெருவின் மேல் பெயரை மட்டும் சின்ன எழுத்தில் எழுதிவிட்டேன்.

வாய்ப்பளித்த வானொலிக்கு நன்றி. வணக்கம்.