பிடுங்கத் தெரிந்தவர்கள், திரும்ப வருகிறவர்கள்
(கூடலூரில் தன்னார்வலர் பயிற்சியின் முதல் நாள் பேச்சு)

வணக்கம். சேரம்பாடி, தாளூர் பக்கமிருந்தும், எல்லை தாண்டி சுல்தான் பத்தேரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பயிற்சி என்றதும் மரக்கன்று கொடுப்பார்கள் என்று பாதிப் பேர் நினைத்திருப்பீர்கள். கன்று கிடையாது. நம்ம காட்டுக்கு இப்போது நடுகிற ஆளைவிட, வெளியிலிருந்து வந்து பரவிய செடிகளைப் பிடுங்குகிற ஆள்தான் அதிகம் வேண்டும்.

உண்ணிச்செடியை, அதாவது லாண்டானாவை, உங்களுக்கு நான் காட்ட வேண்டியதில்லை. வெள்ளைக்காரர்கள் 1800-களின் தொடக்கத்தில் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி, இன்றைக்கு முதுமலையில் யானையும் மானும் மேய வேண்டிய புல்லை மூடிக்கொண்டு நிற்கிறது. இலையை மாடுகூடச் சீண்டாது, ஆனால் பழத்தைக் கொண்டைக்குருவி தின்று போகிற இடமெல்லாம் விதை போட்டுவிடும். கத்தியால் மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும், அதுவும் முன்னைவிட அடர்த்தியாக. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு குழு சொன்ன முறை எளிது: தண்டும் வேரும் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, மண்ணுக்குள் வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். காய் பழுக்கும் முன்னால் செய்யுங்கள்.

அடுத்தது சென்னா மரம், வயநாட்டில் மஞ்சக்கொன்ன என்கிறார்களே அது. இதில் ஒரு எச்சரிக்கை, நம்ம சரக்கொன்றையும் மஞ்சளாகத்தான் பூக்கும். அதன் பூ சரமாகக் கீழே தொங்கும். சென்னாவின் பூங்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். ஆர்வத்தில் அந்தச் சரக்கொன்றையை, அதாவது விஷுக்கொன்றையைச் சாய்த்துவிட்டு வந்தால் பத்தேரிக்காரர்கள் நம்மை விடமாட்டார்கள். சென்னாக் கன்றை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு இழுங்கள். பெரிய மரத்தை வெட்டவே வெட்டாதீர்கள், அடிக்கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகக் கிளம்பும். அதற்குப் பட்டை உரிக்கிற முறை இருக்கிறது, வனத்துறை ஆட்கள் கூட இருந்தால் மட்டும்.

சரி, பிடுங்கியாச்சு. வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. மண்ணுக்குள் கிடக்கிற விதை வெயில் பட்டதும் முளைக்கும், வருஷக் கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும், அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் வந்து பேனர் கட்டி போட்டோ எடுத்துவிட்டுப் போகிற இடத்தைவிட, நாலு பேர் மழைக்கு மழை போய்ப் பார்க்கிற கால் ஏக்கர்தான் எனக்கு வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்துத் தேதி எழுதி வையுங்கள், எந்தப் புல் முதலில் வந்தது என்பதையும் எழுதுங்கள்.

புல்லைப் பற்றிச் சந்தேகம் வந்தால் இங்கே இருக்கிற பழங்குடி மக்களிடம், பணியரிடமோ காட்டுநாயக்கரிடமோ பெட்டகுறும்பரிடமோ கேளுங்கள், ஆனால் அவர்கள் ஒரு நாளை நமக்காக விட்டால் கூலி கொடுங்கள். தன்னார்வம் என்ற பேரில் அவர்களிடம் ஓசி வேலை வாங்குவது எனக்குப் பிடிக்காது. இதே உண்ணிச்செடிக் குச்சியை வளைத்து அவர்கள் செய்த யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன, தெரியுமா?

வயலில், அதாவது நம்ம சதுப்பில், மரம் நடாதீர்கள். அது காலி இடம் இல்லை. கோடையில் ஓடைக்குத் தண்ணீர் விடுகிறதே அதுதான். அப்புறம், காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் வழக்கு வரும். நல்ல காரியத்துக்குத்தான் போனேன் என்று சொல்லித் தப்ப முடியாது. உள்ளாட்சியில் 2002-ம் வருஷத்துச் சட்டப்படி பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், இருக்கிறதா என்று போய்க் கேளுங்கள்.

நாளைக்கு முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு. அட்டைக்கு உப்புப் பொட்டலம். திரும்பி வந்ததும் உடம்பில் உண்ணிப் பூச்சி ஒட்டியிருக்கிறதா பாருங்கள், குரங்குக் காய்ச்சல் அதன் வழியாக வரும். யானை நடமாட்டம் இருக்கிறது என்று வாட்சர் சொன்னால் போகமாட்டோம், அதில் பேச்சே இல்லை. கடப்பாரை நாங்கள் தருகிறோம், கையுறை நீங்கள் கொண்டு வாருங்கள்.