அமிர்திக் காடும் எங்கள் கிணற்றுப் படிகளும்

நேயர்களுக்கு வணக்கம். வேலூரிலிருந்து திருவண்ணாமலைச் சாலையில் அடுக்கம்பாறையைக் கடந்து, கணியம்பாடியில் மேற்கே திரும்பினால், நகரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்திக் காடு இருக்கிறது. வழியில் நஞ்சுகொண்டாபுரம் என்றோர் ஊர். நஞ்சைக் கடந்தால்தான் அமிர்தம் என்று எங்கள் தமிழாசிரியர் ஒவ்வொரு சுற்றுலாவிலும் சொல்லுவார். நாங்களும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்போம்.

அமிர்தி என்றதும் 1967-இல் தொடங்கப்பட்ட சிறு விலங்கியல் பூங்காவே உங்களில் பலருக்கு நினைவுக்கு வரும். மானையும் முதலையையும் பார்த்து, புளிச்சோற்றை உண்டு திரும்பியிருப்பீர்கள். நான் பேச வந்தது அக்காட்டிலிருந்து இறங்கும் நீரைப் பற்றி.

கண்ணமங்கலத்துக்கு அருகே எங்கள் நிலத்தில் ஒரு கல்கட்டுக் கிணறு உண்டு. ஐப்பசி பிறந்துவிட்டால் என் தந்தையார் விடியற்காலையில் எழுந்து முதலில் மேற்கே மலைமுகட்டைப் பார்ப்பார். பிறகு கிணற்றடிக்குப் போய்ப் படிகளை எண்ணுவார். ஊருக்குள் எவ்வளவு மழை கொட்டினாலும் அவருக்கு நிறைவு வராது. மலையில் பெய்த மழை, அமிர்திக் காட்டிலிருந்து இறங்கிவரும் நாகநதியின் மணலில் ஊறி, எங்கள் கிணற்றுக்கு வந்துசேரச் சில நாள்களாகும். அந்நாள்களில் பதினோராம் படி மறைந்தது, பத்தாம் படி மறைந்தது என்று வீட்டில் அறிவிப்பு நடக்கும். ஏழாம் படி முழுகினால் நெல். இல்லாவிட்டால் கேழ்வரகோ வேர்க்கடலையோதான். "காட்டைக் கேட்டுத்தான் நாத்து விடணும்" என்பார். மீண்டும் சொல்கிறேன், வானத்தைக் கேட்டு அன்று, காட்டைக் கேட்டு.

அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. மரமடர்ந்த சரிவில் சருகும் வேரும் மழைநீரைத் தாங்கி, மண்ணுக்குள் இறக்கி, மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன. மொட்டைச் சரிவிலோ அதே மழை மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஓடிவிடுகிறது. ஆற்று மணலும் அள்ளப்பட்ட பின்பு, எங்கள் கிணற்றில் பதினைந்தாம் படிக்குக் கீழே பாறையைப் பார்த்த ஆண்டுகளும் உண்டு. பிற்பாடு, நூறு நாள் வேலைத் திட்டத்துப் பெண்கள் நாகநதிப் படுகை நெடுகக் குழி தோண்டி, சிமென்ட் உறைகளை இறக்கி, நீர் செறிவூட்டும் கிணறுகளை அமைத்தார்கள். காடு செய்துவந்த வேலையில் ஒரு பகுதியை அவர்கள் கைகள் செய்தன.

படவேட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் முடிந்ததென்று நிலையக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டிவிட்டார்கள். சம்புவராயர் தலைநகராக விளங்கிய அவ்வூரின் கமண்டல நதியும் எங்கள் நாகநதியும் கூடிக் கமண்டலநாகநதியாகி ஆரணிக்குப் போகின்றன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வணக்கம்.