கோலாலம்பூர் வீட்டில் ஒயின் பாட்டில்கள் கெடாமல் இருக்க

[காட்சி: மேசைமேல் ஒரு பாட்டில். கேமரா அதன் கழுத்தருகே போகிறது.]

இந்தத் தக்கையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாட்டில் வாய்க்கு மேலே ஓர் அரிசி மணி உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. லேபிள் ஓரம் வரை ஒரு சிவப்புக் கோடு வழிந்து காய்ந்திருக்கிறது.

இது ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் வரும் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின். இதே ஒயினில் இரண்டு பாட்டில் வாங்கி, அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கென்று இரண்டு வருஷம் வைத்திருந்தேன். வைத்த இடம், செந்தூல் வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே. அன்றைக்கு ஒன்றைத் திறந்து ஊற்றினால் பழ வாசனையே இல்லை. உலர்திராட்சையைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. அப்பா ஒரு வாய் குடித்தார். ஒன்றும் சொல்லாமல் கிளாஸைத் தள்ளி வைத்தார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. நீங்கள் பார்ப்பது அந்த இரண்டாவது பாட்டில்.

[காட்சி: பாட்டிலின் குறுக்குவெட்டுப் படம். தக்கை மேலும் கீழும் அசைகிறது.]

நடந்தது இதுதான். சூடு ஏறினால் உள்ளே இருக்கும் ஒயின் விரியும். கண்ணாடி விட்டுக்கொடுக்காது, அதனால் தக்கைமேல் அழுத்தம். ராத்திரி குளிர்ந்ததும் ஒயின் சுருங்கி, தக்கை ஓரமாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். தினமும் இப்படியே நடந்தால் மிஞ்சுவது என்ன? எஸ்டேட்டில் வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள், காலையில் இறக்கிய கள்ளு வெயில் ஏற ஏற எப்படிப் புளிக்கும் என்று சொல்வார்கள். ஒயினுக்கு அத்தனை அவசரம் கிடையாது. ஆனால் சூட்டில் அதற்கும் வயது சீக்கிரம் ஏறிவிடும்.

நீண்ட நாள் வைக்க 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் நல்லது என்பார்கள். இந்தக் கணக்கு ஐரோப்பிய நிலவறைகளிலிருந்து வந்தது. பிரான்ஸின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த அறைகளில் வருஷம் முழுக்க 10, 12 டிகிரிதான் இருக்கும். சரி, நாமும் தரைக்குக் கீழே வைக்கலாமே? பலனில்லை. மண்ணுக்குள் சில மீட்டர் ஆழத்தில், அந்த ஊரின் வருஷ சராசரி வெப்பம்தான் இருக்கும். நம் ஊரில் பகலில் 33, ராத்திரி 24 என்று ஓடுகிறது; பள்ளம் தோண்டினாலும் 27, 28தான் கிடைக்கும். கொண்டோவின் அடித்தள ஸ்டோர் ரூமை நம்பாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பலர் படுக்கையறையில் வைக்கிறார்கள், அங்கே ஏர்கோன் இருக்கிறதே என்று. ராத்திரி மட்டும் ஓடுகிற ஏர்கோன் ஏற்ற இறக்கத்தைத்தான் கூட்டும். என்னைக் கேட்டால், அதைவிட வீட்டின் உள்பக்கம், மேற்கு வெயில் படாத சுவரை ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டே நல்லது. அதுகூடச் சில வாரத்துக்குத்தான்.

[காட்சி: இரண்டு ஒயின் கூலர்கள் பக்கத்தில் பக்கத்தில்.]

பத்துப் பாட்டிலுக்கு மேல் சேர்ந்துவிட்டால் ஒயின் கூலர் வாங்கிவிடுங்கள். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கம்ப்ரசர் உள்ளதா? சின்னதாக, சத்தமே இல்லாமல், மலிவாக வருபவை பெரும்பாலும் தெர்மோஎலெக்ட்ரிக், அதாவது கம்ப்ரசர் இல்லாமல் ஒரு மின்தகட்டால் குளிரவைப்பவை. அறைச் சூட்டிலிருந்து ஓரளவுதான் அவற்றால் இறக்க முடியும். வெளியே 32 டிகிரி என்றால் திணறிவிடும். கம்ப்ரசர் வகை லேசாக அதிரும், ஆனாலும் நம் ஊருக்கு அதுதான் ஒத்துவரும். பின்பக்கம் காற்றோட்டம் வேண்டும். கபினெட்டுக்குள் செருக நினைத்தால் அதற்கென்றே செய்த மாடலா என்று பாருங்கள். '30 பாட்டில்' என்று போட்டிருந்தால் அது ஒல்லியான போர்டோ பாட்டில் கணக்கு. தொப்பை பெருத்த பர்கண்டி பாட்டில்களை அடுக்கினால் அத்தனை கொள்ளாது.

கூலர் வாங்க இப்போது வசதியில்லையா? சமையலறை ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். 4 டிகிரி அதிகக் குளிர்தான், காற்றும் வறட்சி, வருஷக்கணக்கில் வைத்தால் தக்கை காய்ந்துபோகும். ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு 32 டிகிரி அலமாரியைவிட அது எவ்வளவோ மேல்.

தக்கை போட்ட பாட்டிலைப் படுக்கவைத்தால் தக்கை நனைந்தே இருக்கும். திருகு மூடி என்றால் நிற்கவைத்தாலும் பாதகமில்லை. வெளிச்சத்தில் அதிகம் அடிபடுவது நிறமில்லாத கண்ணாடியில் வரும் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினும் வெள்ளை ஒயினும். ஜன்னலோர ஷோகேஸில் வைத்தால் கந்தக வாடை வந்துவிடும். நம் ஊர் ஈரப்பதம் தக்கைக்கு நல்லதே. லேபிளில்தான் பூஞ்சை பிடிக்கும், ஒட்டுப் பிளாஸ்டிக்கைச் சுற்றிவிடுங்கள்.

[காட்சி: ஜன்னலுக்கு வெளியே மின்னல்.]

அப்புறம் இடிமின்னல். கிள்ளான் பள்ளத்தாக்கில் அதற்குக் குறைவே இல்லை, அதனால் கூலரை மின்னல் தடுப்பு உள்ள சாக்கெட்டில் போடுங்கள். கரண்டு போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். பாட்டில் நிறைந்த பெட்டி மெதுவாகத்தான் சூடாகும். மூடியே இருந்தால் சில மணி நேரம் தாங்கும். கரண்டு வந்ததும் டிகிரி எண்ணைப் பாருங்கள். சில மாடல்கள் நீங்கள் வைத்த அளவை மறந்துவிட்டு, கம்பெனியில் வைத்து அனுப்பிய எண்ணுக்கே போய்விடும்.