அப்பாவின் வலது கை

வணக்கம் நேயர்களே. புதுச்சேரியில் நரம்பு நோயாளிகளுக்கு இயன்முறை சிகிச்சை தருகிறவள் நான். உடம்பில் அணியும் சென்சார்களையும், உதாரணங்களைப் பார்த்துக் கணினி கற்றுக்கொள்ளும் மெஷின் லேர்னிங்கையும் வைத்து நடுக்குவாத நோயை எப்படி அளக்கிறார்கள் என்று பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு அது என் அப்பாவின் வலது கையில் தொடங்கிய விஷயம்.

அப்பா கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போனவர். ஒருநாள் அம்மா கருவாடு வறுக்கும்போது, "என்ன இன்னிக்கு, வாசனையே காணோம்?" என்றார். தெருவுக்கே மணந்தது. சளியாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகு, நடக்கும்போது இடது கை வீசியது, வலது கை இடுப்போடு ஒட்டிக் கிடந்தது. வயசாகிறது என்றோம். கடைசியில்தான் நடுக்கம் வந்தது. மடியில் சும்மா கிடக்கும் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், விளக்குக்குத் திரி உருட்டுவதுபோல, உருட்டிக்கொண்டே இருக்கும். வலை தைக்க ஊசியைக் கையில் எடுத்தால் அடங்கிவிடும்.

1817இல் ஜேம்ஸ் பார்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் எழுதிவைத்த நோய் இது. வாசனை தெரியாமல் போனதும் கை வீசாமல் போனதும்கூட இதன் அறிகுறிகள்தான். நாம் நடுக்குவாதம் என்கிறோம். உடம்பின் அசைவுகளைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளை மூளையில் சுரக்கும் செல்கள் குறைந்துபோகின்றன. முழுதாகக் குணமாக்க வழியில்லை. மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரை பெருமளவு தாங்கிப் பிடிக்கும். நம் பூனைக்காலி விதையிலும் அதே லெவோடோபா உண்டு. அதற்காக வீட்டில் அரைத்துக் குடித்துவிடாதீர்கள், அளவு யாருக்கும் தெரியாது.

மாத்திரை வேலை செய்யும் நேரம் ஒன்று, அது தீர்ந்துபோகும் நேரம் ஒன்று. அப்பா காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஏறி வருவார். டாக்டர் முன்னால் உட்காரும்போது கை அமைதியாக இருக்கும். டாக்டர் விரலைத் தட்டச் சொல்லி, நடக்கச் சொல்லி, பூஜ்யம் முதல் 4 வரை மதிப்பெண் போடுவார். மூன்று மாதத்துக்கு ஒரு பத்து நிமிஷம். வீட்டில் சட்டைப் பட்டனோடு போராடும் அப்பாவை அவர் பார்த்ததே இல்லை.

அந்த மீதி நேரத்தைப் பார்க்கத்தான் மணிக்கட்டில் கட்டும் பட்டை. உள்ளே இருக்கும் முடுக்கமானி என்ற சின்னக் கருவி, கையின் வேகம் எந்தப் பக்கம் எவ்வளவு மாறுகிறது என்று வினாடிக்குப் பல பத்து தடவை குறித்துக்கொள்ளும். நடக்கும்போது கை வினாடிக்கு ஏறக்குறைய ஒரு தடவை வீசும். நடுக்கமோ 4 முதல் 6 தடவை. பெரிய அலையின் முதுகில் சிற்றலை ஓடுவதைக் கரையிலிருந்தே பிரித்துச் சொல்கிறார்களே, அந்த மாதிரிதான் கணினியும் இரண்டையும் பிரிக்கிறது.

ஆனால் யாராவது கற்றுக்கொடுத்தால்தான் அது கற்கும். நிபுணர்கள் வீடியோவைப் பார்த்து "இது நடுக்கம், இது இல்லை" என்று துண்டு துண்டாகக் குறித்துக் கொடுக்க வேண்டும். பல் துலக்கும் கையைக்கூட நடுக்கம் என்று நினைத்துவிடும். அப்படியென்றால் முறத்தில் அரிசி புடைக்கும் கையை என்ன செய்யும்? ஷூ போட்டுச் சிமெண்டுத் தரையில் நடந்தவர்களை மட்டுமே பார்த்துப் பழகியிருந்தால், கைலியை மடித்துக் கட்டி வெறுங்காலோடு மணலில் நடக்கும் என் அப்பாவை அதற்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்விதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது. ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறவர்கள் எங்கள் குப்பத்துக்கும் வர வேண்டும். வந்தால், தகவல் எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தைரியமாகச் சேருங்கள்.

அப்பா ஒரு வாரம் பட்டை கட்டியிருந்தார். தினமும் மதியம், நடுக்கத்தைக் காட்டும் கோடு எகிறியது. ஏன் என்று பட்டைக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மா காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிவைத்திருந்தார்: "1 மணி. மீன் குழம்பு சோறு. மாத்திரை. 2 மணி, கை நிக்கல." மீனில் இருக்கும் புரதம் லெவோடோபாவோடு போட்டி போட்டு, அது உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். பட்டையின் கோட்டையும் அம்மாவின் தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த டாக்டர், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மாற்றினார். நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம்; எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். இரண்டு கையும் வீசுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஒன்று வீசாவிட்டால் நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். வணக்கம்.