கைதட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்

வணக்கம். கீழ்த்தளத்தில் துளைபோடுகிறார்கள், இரைச்சலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பெருங்குடியில் ஓர் அலுவலகத்தின் ஆறாவது மாடியில் நிற்கிறேன். உள் அலங்கார வேலை பாதியில் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன்கள் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் பேசிவிடுகிறேன்.

[கைதட்டுகிறார்]

கேட்டதா? தட்டி முடித்த பிறகும் ஓர் இழுவை. கண்ணாடி, கிரானைட் தரை, வெறும் கான்கிரீட் கூரை. மூன்றும் சத்தத்தைத் திருப்பி அடிப்பவை. இந்த அறைக்கு வாருங்கள். கார்ப்பெட் விரித்தாயிற்று, சுவரில் துணி போர்த்திய பலகையும் அடித்தாயிற்று.

[மறுபடி தட்டுகிறார்]

சப்பென்று அடங்கிவிட்டது.

கொரோனாவுக்குப் பிறகு அலுவலகம் வடிவமைக்கச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "தினமும் பாதிப் பேர்தானே வருகிறார்கள், எத்தனை மேசையைக் குறைக்கலாம்?" என்பதுதான். நூறு பேருக்கு அறுபது மேசை போதும், கணக்கில் பிழையில்லை. ஆனால் வருகிற அறுபது பேரும் வீட்டில் இருக்கிற நாற்பது பேரோடு நாள் முழுக்க வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசை குறைந்தது, பேச்சு கூடிவிட்டது. அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

இடத்தை மிச்சம் பிடிக்கிற ஆசை பழையது. 1968இல் அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ராபர்ட் ப்ரோப்ஸ்ட் என்பவர் 'ஆக்‌ஷன் ஆபீஸ்' தடுப்புகளின் இரண்டாம் வடிவத்தைக் கொண்டுவந்தார். 120 டிகிரி கோணத்தில் விரியும் தடுப்புகள். வேலைக்குத் தகுந்தபடி கலைத்து மாற்றிக்கொள்ளலாம். வாங்கிய நிறுவனங்கள் அதை 90 டிகிரிக்கு மடக்கின. அப்போதுதானே அதே தளத்தில் இன்னும் நிறையப் பேரை அடைக்க முடியும்! க்யூபிகிள் என்கிற, ஆளுக்கொரு தடுப்புப் பெட்டி பிறந்த கதை இதுதான். கடைசிக் காலத்தில் அதைப் பார்த்து அந்த மனிதரே நொந்துகொண்டார்.

பிறகு தடுப்பையெல்லாம் பிடுங்கிவிட்டால் மனிதர்கள் கலந்து பேசுவார்கள் என்றார்கள். ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் ஊழியர்களுக்கு உணர்கருவி மாட்டி அளந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். திறந்த கூடத்துக்கு மாறிய பின் நேருக்கு நேர் பேசுவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்திருந்தது, மின்னஞ்சல் கூடியிருந்தது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நாலு பேர் பார்க்க யார் மனம்விட்டுப் பேசுவார்கள்?

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நான் வடிவமைத்த ஓர் அலுவலகத்திலிருந்து மேலாளர் கூப்பிட்டார். போனேன். "மேடம், முதலில் ஒரு காபி குடியுங்கள்" என்று பேன்ட்ரியில் நிற்கவைத்தார். பக்கத்து அறையில் யாருக்கோ சம்பள உயர்வு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொகை உட்பட எல்லாம் கேட்டது. காபி இறங்கவில்லை.

ஸ்டூல் போட்டு ஏறி, ஃபால்ஸ் சீலிங் பலகை ஒன்றைத் தூக்கி டார்ச் அடித்தேன். வெளிச்சம் தடையே இல்லாமல் அடுத்த அறையின் மேலே போய் விழுந்தது. சுவர் ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றிருந்தது, அதற்கு மேலே கான்கிரீட் கூரை வரை ஏறவில்லை. அந்த இரண்டடி இடைவெளியில்தான் பேச்சு முழுக்கத் தாண்டி வந்திருக்கிறது. ஏசி குழாய்களைச் சுற்றிச் சுவர் எழுப்பச் செலவாகுமே என்று விட்டது நான்தான்.

இங்கே பாருங்கள், சுவர் மேலே கான்கிரீட் கூரையைத் தொட்டிருக்கிறது. குழாய் நுழையும் ஓட்டையைக்கூட அடைத்திருக்கிறோம். அதோ, ஒருவர் உட்கார்ந்து பேசுகிற சின்ன அறைகள் ஆறு. ஒவ்வொன்றிலும் காற்றை வெளியேற்ற மின்விசிறி உண்டு. அது இல்லாவிட்டால் பத்தே நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும், அப்புறம் ஒருவரும் உள்ளே போகமாட்டார்கள்.

நேற்று இந்த ஆறில் இரண்டை எடுத்துவிட்டு நான்கு மேசை போடலாமா என்று இந்த அலுவலகத்துக்காரர்கள் கேட்டார்கள். நாளைக் காலை பதினோரு மணிக்கு அவர்களை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். ஒரே நேரத்தில் பத்துப் பேரைப் போனில் பேசவைத்து, அவர்களை நடுவில் நிற்கவைக்கப்போகிறேன்.

சரி, எலெக்ட்ரீஷியன்கள் வந்துவிட்டார்கள். கேமராவை அணைக்கிறேன்.