வேலை இல்லை என்று சொல்லலாம், ஆனால் எதற்காக?

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர்கள், லாரி உரிமையாளர்கள் முன் பேசியது)

வந்து கேட்கிறவர்களை எல்லாம் வேலைக்கு வைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைச் சொல்லவில்லைங்க. லாரிக்கு டிரைவர் கேட்கிறீர்கள், வந்தவரிடம் கனரக வாகன லைசென்ஸ் இல்லை. அவரைத் திருப்பி அனுப்பித்தான் ஆக வேண்டும். லைசென்ஸ் இருக்கிறது, மலைப்பாதையில் ஓட்டியதே இல்லையா? ஏற்காடு போக 20 கொண்டை ஊசி வளைவு. வேண்டாம் என்று சொல்ல அது போதும். கொலுசு பற்றவைக்கக் கை பழகவில்லை என்றால் சரி, அதுவும் நியாயம்தான். 14 வயது நிறையாத பிள்ளை வந்தால் பேச்சுக்கே இடமில்லை.

எனக்குக் கவலையெல்லாம் வேலையோடு ஒட்டாத காரணங்களைப் பற்றித்தான். போன மாதம் ஒரு பட்டறையில் விண்ணப்பத் தாளைக் காட்டினார்கள். ஜெராக்ஸ் எடுத்து எடுத்து எழுத்தே மங்கிக் கிடந்தது. பெயர், ஊர், அதற்கு நேர் கீழே ஜாதி. பெண்களுக்கு மட்டும் தனியாக, 'கல்யாணம் ஆகிவிட்டதா, கர்ப்பமா?' பேனாவை வாங்கி நானே அந்த வரிகளை அடித்தேன். "காலம் காலமாகக் கேட்பதுதானேங்க" என்றார் முதலாளி.

எல்.ஐ.சி.யும் காலம் காலமாகத்தான் கேட்டது. அங்கே வேலைக்குச் சேர்கிற பெண்கள் மாதவிலக்குத் தேதி வரைக்கும் எழுதித் தர வேண்டியிருந்தது. அதில் பொய் எழுதினார் என்று சொல்லி, பிரசவ விடுப்பில் போன நீரா மாத்தூரை வேலையை விட்டு அனுப்பினார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. அந்தக் கேள்விகளையே நீக்கவும் சொன்னது. ஒரு பெண் கூச்சத்தோடு மறைக்கிற விஷயத்தைக் கேட்டுவிட்டு, மறைத்தாய் என்று குற்றம் சொல்வது என்ன நியாயம்?

தீண்டாமை பார்த்து வேலை மறுத்தால் 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். ஆள் எடுப்பதில் பெண் என்று ஒதுக்குவதை 1976லேயே தடுத்துவிட்டார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைச் சீட்டு கொண்டுவா என்று கேட்பதற்கு 2017லும், திருநங்கை என்று தள்ளுவதற்கு 2019லும் தடை வந்தது.

அதனால் ஒன்று செய்யுங்கள். ஆளைத் திருப்பி அனுப்பும்போது காரணத்தை ஒரு வரி எழுதி, தேதி போட்டு வையுங்கள். 'மலைப்பாதை அனுபவம் இல்லை' என்று எழுதக் கை தயங்காது. எழுதத் தயங்குகிற காரணமாக இருந்தால், அந்த ஆளை இன்னொரு தடவை கூப்பிட்டு வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.