ஸ்கேனில் தெரியாத வலி

அனைவருக்கும் வணக்கம். முன்வரிசையில் மகப்பேறு மருத்துவர்கள் இருக்கிறீர்கள். பின்னால் கல்லூரி மாணவிகளும் அவர்களுடைய அம்மாக்களும். பெண்களின் நாள்பட்ட இடுப்பு வலியைப் பற்றி, ஓர் உளவியலாளராக, எல்லோருக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

என் ஆலோசனை அறைக்கு வரும் பெண்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்வது இதைத்தான்: "மேடம், எனக்கு மனசுல ஒண்ணும் இல்லை. நிஜமாவே வலிக்குது." யாரோ ஒருவர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "எல்லாம் நார்மல், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றிருப்பார். வீட்டில், "கல்யாணமானா சரியாயிடும்" என்றிருப்பார்கள். தான் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்கவே அந்தப் பெண்ணுக்கு அரைமணி நேரம் போய்விடுகிறது.

அம்மா, உங்கள் வலி நிஜம். எண்டோமெட்ரியோசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு வெளியே வளரும் நோய் அது. உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதாரண ஸ்கேனில் பல நேரம் அகப்படாது. கண்டுபிடிக்கவே 4 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன. திசு கொஞ்சமாக இருந்தும் துடிப்பவர்கள் உண்டு, நிறைய இருந்தும் வலி தெரியாதவர்கள் உண்டு.

இத்தனை ஆண்டுகள் வலித்தால் நரம்பு மண்டலம் சும்மா இருக்குமா? அது கூர்மையாகிவிடுகிறது. சிறுநீர்ப்பை நிறைந்தாலே வலி. விழுந்த குழந்தையின் முழங்காலை அம்மா தேய்த்துவிட்டால் வலி குறைகிறதே, ஏன்? தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாசல் இருக்கிறது, தொடுதல் அதைச் சற்றுச் சாத்தும், மூளையும் மேலிருந்து அதைத் திறக்கும், மூடும் என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பயமும் தூக்கமின்மையும் அந்த வாசலை அகலத் திறந்து வைப்பவை. நான் வேலை செய்யும் இடம் அதுதான்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராது. வலி கண்ட உடம்பும் அப்படித்தான். அடுத்த வலி வருமுன்பே, கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் இறுகிக்கொள்ளும், அந்த இறுக்கமே புது வலியாகும். அதனால் வயிறு எழும்பித் தாழும்படி மெதுவாக மூச்சுவிடப் பழக்குகிறோம். அப்புறம், வேலை. வலியில்லாத நாளில் மூன்று நாள் துணியையும் துவைத்து, மாவாட்டி, வீட்டையும் ஒழித்துப் போட்டுவிட்டு மறுநாள் படுக்கையில் விழுகிறோம். வலி வந்து நிறுத்தும்வரை காத்திருக்காதீர்கள், கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துங்கள். இருபது நிமிடம் வேலை, பத்து நிமிடம் ஓய்வு என்று தொடங்கலாம். இந்த ஒன்றைச் செய்ய வைப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. நம் பெண்களுக்கு நடுவில் உட்காருவது குற்றமாகத் தோன்றுகிறது.

"இந்த மாசமும் லீவு போட்டா வேலை போயிடும்" என்று ஓடும் எண்ணத்தை நோட்டில் எழுதி, எவ்வளவு உண்மை என்று சேர்ந்து பார்க்கிறோம். தாம்பத்தியத்தில் வலி என்றால் கணவரையும் அழைத்துப் பேசுகிறோம். மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை. திடீரென்று கடும் வலி, காய்ச்சல், மிகுந்த இரத்தப்போக்கு என்றால் மருத்துவரிடம்தான் ஓட வேண்டும்.

சரி, இனி மருத்துவர்களிடம். நெதர்லாந்தின் லைடன் நகரில் நடந்த ஓர் ஆய்வு 1991இல் வெளியானது. நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 106 பெண்கள், இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் முதலில் லேப்ராஸ்கோபி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்ப்பது; அதில் எதுவும் கிடைக்காவிட்டால்தான் மனம் போன்ற மற்றவை. இன்னொரு பிரிவுக்கு உடல், மனம், உணவு, சூழல், பிசியோதெரபி எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே சமமாகப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து இரண்டாம் பிரிவுப் பெண்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது.

ஆகவே டாக்டர், எல்லாம் செய்து பார்த்துத் தோற்ற பிறகு அவளை என்னிடம் அனுப்பாதீர்கள். முதல் சீட்டிலேயே, உங்கள் மருந்துக்குக் கீழே என் அறை எண்ணையும் எழுதுங்கள். "உன் வலியை நம்புகிறேன், அதனால்தான் அனுப்புகிறேன்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லி அனுப்புங்கள்.